உள்ளங்கால் எரிச்சலை ஊட்டி வளர்ப்பது எப்படி?

உள்ளங்கால் எரிச்சல் வந்தவர்களில் சிலருக்குப் பொறுமையே கிடையாது. ரெண்டு வாரம் எரிந்தால் போதும், டாக்டரைப் பார்க்கிறார்கள், ரத்தம் கொடுக்கிறார்கள், காரணத்தைத் தெரிந்துகொள்கிறார்கள், மருந்தையும் ஆரம்பித்துவிடுகிறார்கள். சில மாதத்தில் எரிச்சல் அடங்கிப்போய், ராத்திரி படுத்தால் காலையில் எழுந்திருக்கிற சாதாரண மனிதர்களாகிவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச இவர்களுக்கு ஒரு விஷயமும் மிச்சமில்லை.

முறையாகப் பராமரித்தால் ஒரு நல்ல எரிச்சலைப் பத்து வருடத்துக்குக் குறையாமல் வைத்திருக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பக்கெட், விளக்கெண்ணெய், சொந்தக்காரர்கள் ஆகியவையே போதும்.

முதல் வேலை, அதற்குச் 'சூடு' என்று பெயர் வைத்துவிடுவது. உடம்பு சூடு, வயிற்றுச் சூடு, பித்தச் சூடு என்று எதை வேண்டுமானாலும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் காரணத்தின் அருமை என்னவென்றால், இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. லேபில் இதற்கு டெஸ்ட் கிடையாது. சித்திரையில் எரிந்தால் வெயில், ஆனியில் எரிந்தால் மாம்பழம், ஐப்பசியில் எரிந்தால் தீபாவளிப் பலகாரம். மார்கழிப் பனியில் போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது எரிந்தால்? "வெளியில குளிர்ந்தா உள்ளே சூடு ஏறத்தான் செய்யும்" என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

பெயர் வைத்த பிறகு, எரிச்சலை உற்றுக் கவனிக்கக் கூடாது. இது முக்கியம். கவனித்தால் விஷயம் தெரிந்துவிடும். ரெண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால், அது பெரும்பாலும் நரம்பு சம்பந்தப்பட்டது என்று டாக்டர் யூகித்துவிடுவார். முதுகெலும்பிலிருந்து கால் விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகிற நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை. சர்க்கரையோ சத்துக்குறைவோ முதலில் கைவைப்பது அவற்றின் கடைக்கோடியில். அதனால்தான் கையை விட்டுவிட்டுக் கால் முதலில் எரிகிறது. ஒரு காலில் மட்டும், அதுவும் இடுப்பிலிருந்து மின்னல் இறங்குகிறாற்போல் எரிந்தால் முதுகுத்தண்டைப் பார்க்கவேண்டும். கணுக்காலின் உள்பக்கத்தில் நரம்பு நசுங்கினாலும் ஒரு பாதம் மட்டும் எரியும். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து, எரிச்சலைவிட அரிப்பு அதிகமாக இருந்தால் அது வெறும் சேற்றுப்புண், பூஞ்சைக் களிம்பு தடவினாலே போய்விடும். பாதம் செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் கொதித்து, குளிர்ந்த நீரில் வைத்தால்தான் அடங்குகிறது என்றால் அது அபூர்வமான வேறு ஒரு கோளாறு. இப்படிப் பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆகவே பார்க்காதீர்கள். யார் கேட்டாலும் "காலெல்லாம் எரியுதுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீட்டு வைத்தியம். மருதாணியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறித்த இலையை அம்மியில் மைய அரைத்து உள்ளங்காலில் அப்பிக்கொண்டு, காய்கிறவரை காலைத் தரையில் படாமல் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். அந்தக் குளிர்ச்சி உண்மையானது. ஒரு மணி நேரத்தில் போய்விடுவதும் உண்மைதான். பாதம் ஆரஞ்சாகச் சிவந்து, பார்ப்பதற்கும் லட்சணமாக இருக்கும். எரிச்சலை வளர்ப்பவர்களுக்கு மருதாணி ஒரு விதத்தில் போதாது, ஏனென்றால் அதனால் கெடுதல் குறைவு. கெடுதலும் வேண்டுமென்றால் கடையில் கோனில் விற்கிற 'கறுப்பு மருதாணி'க்குப் போகலாம். அதில் கறுப்பு நிறத்துக்காகத் தலைச்சாய ரசாயனத்தைக் கலப்பதுண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் தோல் கொப்பளித்துவிடும். அப்புறம் எரிச்சலுக்கு ஒன்றுக்கு ரெண்டு காரணம்.

ஐஸ் தண்ணீர் பக்கெட் இதைவிட உசத்தி. கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டு, எரிகிறபோதெல்லாம் கால்களை உள்ளே விடுங்கள். சாதாரணக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் வைத்து, விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைத்துவிடுவதால் பயனில்லை. அதில் கெடுதல் ஒன்றுமே வராது. ஐஸ் போட்டு, தோல் சுருங்கி வெளுக்கிறவரை, முடிந்தால் பக்கெட்டிலேயே காலை வைத்தபடி தூங்கிப்போகிறவரை ஊறவேண்டும். ஊறிய தோல் வெடிக்கும். வெடிப்பில் கிருமி நுழையும். காலில் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்திருந்தால் எவ்வளவு நேரம் ஊறினோம் என்பதும் தெரியாது.

இந்தப் பக்கெட் வைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த சிங்கப்பூர், ஹாங்காங் சிறை முகாம்களில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குக் கால் எரிந்தது. தீட்டிய அரிசியைத் தவிர அதிகம் ஒன்றும் கிடைக்காத வயிறு. ராத்திரியெல்லாம் தூங்க முடியாமல் காலை உதறிக்கொண்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டும் கிடந்தார்கள். நிற்க முடியாமல் தத்தித் தத்தி நடந்த அவர்களைப் பார்த்துச் சக கைதிகள் அந்த வியாதியை 'ஹேப்பி ஃபீட்' என்று கூப்பிட்டார்களாம். முகாமிலும் நையாண்டிக்குப் பஞ்சமில்லை.

அதற்கு முன்னாலேயே நம் நாட்டில் இது தெரிந்த சங்கதிதான். கம்பெனி காலத்து மருத்துவர் கிரியர்சன் என்பவர் 1826-இல் இந்தியர்களின் பாத எரிச்சலைப் பற்றிக் கல்கத்தா மருத்துவச் சங்க வெளியீட்டில் எழுதிவைத்தார். நூற்றிருபது வருடம் கழித்து, 1946-இல், சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதை எடுத்து விரிவாக ஆராய்ந்தார். பிற்காலத்தில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தாரே, அவர்தான். பி வைட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த பேன்டோதெனிக் அமிலத்தைக் கொடுத்தபோது எரிச்சல் அடங்கியது என்று பதிவு செய்தார். இன்றைக்கும் மருத்துவ நூல்களில் இந்த நோய்க்குறிக்கு கிரியர்சன்–கோபாலன் என்று ரெண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ஆக, சோற்றில் சத்து இல்லாவிட்டால் கால் எரியும் என்று நம்மூர்க்காரர் ஒருவர் சுதந்திரத்துக்கு முன்பே எழுதிவிட்டார். நாம் இன்னும் மாம்பழத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பாரம்பரியத்தை விடக் கூடாது.

சத்து என்றதும் மெடிக்கல் ஷாப் ஞாபகம் வரவேண்டும். எரிச்சல் வளர்ப்பில் இதற்கு ஈடான இடம் கிடையாது. உரையாடல் எப்போதும் இப்படித்தான் போகும்.

"தம்பி, உள்ளங்கால் எரியுதுப்பா. ஏதாச்சும் குடு."

"சுகர் இருக்காங்கய்யா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"பாத்தீங்களா?"

"பாத்தாத்தானே இருக்கும்?"

"சரி, நரம்பு மாத்திரை ஒரு அட்டை தர்றேன். வலிக்கும் ஒண்ணு சேத்துப் போட்டுக்குங்க."

இதில் அந்தத் தம்பி மேல் தப்பில்லை. கேட்கவேண்டிய ஒரே கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டான். நம் பதில்தான் திறமையானது. சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் இருக்கிறவர்களுக்கும் கால் எரிச்சல் முதல் அறிகுறியாக வருவதுண்டு என்பதால், அந்தப் பரிசோதனையை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவுக்கு எரிச்சலுக்கு ஆயுசு கெட்டி. யாராவது வற்புறுத்தினால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும், அதுவும் முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்துவிட்டுப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி பக்கம் போகாதீர்கள். அது ஒருநாள் பட்டினிக்கு ஏமாறாது.

அந்த ரெண்டு அட்டைகளையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நரம்பு மாத்திரை என்று கொடுப்பது பல பி வைட்டமின்கள் கலந்தது. கலவையில் பி6 இருக்கும். குறைந்தாலும் நரம்பைக் கெடுக்கிற, அளவு மீறி மாதக்கணக்கில் போட்டாலும் நரம்பைக் கெடுக்கிற விசித்திரமான வைட்டமின் அது. எரிச்சலுக்கு மாத்திரை, மாத்திரையால் எரிச்சல், அந்த எரிச்சலுக்கு இன்னொரு அட்டை என்று சுற்றிச் சுற்றி வரலாம். வலி மாத்திரையோ இன்னும் சிறப்பு. மூட்டு வலிக்குக் கேட்கிற டைக்ளோஃபினாக் வகையறாக்கள் நரம்பு எரிச்சலுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் தினமும் விழுங்கினால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீரகம் கெட்டால்? கால் எரியும்.

உண்மையில் குறைந்திருப்பது எது என்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பி12-இல் வந்து நிற்பார்கள். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் மட்டும் இருக்கிற சத்து இது. கீரையில் கிடையாது, எவ்வளவு கடைந்தாலும் கிடையாது. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு இதை உறிஞ்சுவது குறையும். நெஞ்செரிச்சலுக்கு என்று காலையில் வெறும் வயிற்றில் தினமும் ஒரு பேன்டோபிரசோல் போடுகிறவர்களுக்கும் அதே கதை. தயிர்சாதம்கூட வேண்டாம் என்று பாலை நிறுத்தியது, மெட்ஃபார்மின், பேன்டோபிரசோல் மூன்றும் சேர்ந்த ஒருவர் நமக்குக் கிடைத்தால் அவரை எரிச்சல் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவராக்கலாம். ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. ஊசியோ மாத்திரையோ போட்டால் ஏறிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பும் தேறும். தாமதித்தால் முழுசாகத் தேறாது. தாமதியுங்கள்.

ராத்திரி எரிச்சலை மறக்க ஒரு குவார்ட்டர் என்ற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நரம்பை நேராகவே கெடுத்து, தயமின் என்கிற பி1 உடம்பில் சேராமலும் பார்த்துக்கொள்ளும் ஒரே பானம் அது. அவர்கள் இந்த வழிகாட்டியைத் தாண்டிப் போய்விட்டவர்கள்.

"மிளகாய்ப்பொடி தடவினாப்பல எரியுது" என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சில் இருக்கிற விஞ்ஞானம் கொஞ்ச நஞ்சமில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நரம்பு நுனியில் இருக்கிற ஓர் ஏற்பியைத் திறந்துவிடுகிறது. அதே ஏற்பி 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும். அதனால்தான் மூளைக்கு மிளகாயும் நெருப்பும் ஒன்றாகத் தெரிகின்றன. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாதிக்கப்பட்ட நரம்பு, உறை கிழிந்த மின்கம்பிபோல, யாரும் தொடாமலே சும்மா சும்மா பொறி பறக்கவிடுகிறது. காலில் சூடே இல்லாமல் மூளைக்குச் 'சூடு' என்று சேதி போகிறது. சித்தப்பா சொன்ன சூடும் இதுதான், இருக்கிற இடத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இதே கேப்சைசினைக் களிம்பாக்கி எரிகிற பாதத்தில் தொடர்ந்து தடவச்சொல்கிறார்கள் டாக்டர்கள். முதல் சில நாள் எரிச்சல் கூடும், பிறகு அந்த நரம்பு நுனிகள் அலுத்துப்போய் அடங்கும். நீங்கள் செய்யவேண்டியது, கூடுகிற நாட்களில் நிறுத்திவிட்டு, "அந்த டாக்டர் மிளகாயைத் தடவச் சொல்றாருப்பா" என்று ஊரெல்லாம் சொல்வது. களிம்பு தடவிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் சேரும். அதற்காக அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மிளகாய்ப்பொடியை அள்ளிவிடாதீர்கள். வெந்துபோகும். இதை மட்டும் நிஜமாகவே சொல்கிறேன்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் பிள்ளைகள் காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய் விடுவார்கள். பயப்படவேண்டாம், மருந்துச் சீட்டைக் கையாள வழி இருக்கிறது. அவர் அமிட்ரிப்டிலின் எழுதியிருந்தால் செல்போனில் தேடுங்கள். 'மனச்சோர்வு மருந்து' என்று வரும். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டு, அன்று மாலையே நிறுத்திவிடலாம். டுலாக்செட்டினுக்கும் இதே வசனம் பொருந்தும். பிரிகாபலினோ கேபாபென்டினோ என்றால் 'வலிப்பு மருந்து' என்று வரும். "எனக்கு வலிப்பு இல்லையே!" என்று திடுக்கிடுங்கள். பொறி பறக்கவிடுகிற நரம்பைச் சாந்தப்படுத்துவதுதான் இந்த மருந்துகள் எல்லாவற்றின் வேலையும், அதனால்தான் ஒரே மருந்து ரெண்டு மூன்று வியாதிக்கு ஆகிறது என்று விளக்க வருகிற மருமகளைக் காபி போட அனுப்பிவிடுங்கள். சிறிய அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் பலன் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். நாலாம் நாள் தலை லேசாகக் கிறுகிறுக்கும். அந்த நாலாம் நாள்தான் நமக்குச் சாதகமான நாள்.

சிலரை நரம்பு மின்சோதனைக்கு அனுப்புவார்கள். அது பெரிய நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் சுமக்கிற மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். வீட்டில் உடனே, "எல்லாம் மனப்பிரமை, டெஸ்ட்ல ஒண்ணுமில்லையே" என்பார்கள். சண்டை போடாமல் ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு யாரும் எதையும் தேடமாட்டார்கள்.

இவ்வளவையும் விடாமல் செய்தவர்களுக்கு ஒருநாள் பலன் கிடைக்கும். எரிச்சல் தானாகவே நின்றுவிடும்.

மருந்து சாப்பிட்டு, சர்க்கரை இறங்கி நின்றதென்றால் அது வேறு. ஒன்றுமே செய்யாமல் நின்றதென்றால், சேதி அனுப்பிக்கொண்டிருந்த நரம்பே ஓய்ந்துபோயிருக்கலாம். பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கும். வீதியில் நடக்கும்போது செருப்பு கழன்றுபோனது தெரியாது, எதிரே வருகிறவர்தான் "அய்யா, செருப்பு!" என்று கூப்பிட்டுக் காட்டுவார். இதை வெற்றி என்று கொண்டாட வேண்டும். "விளக்கெண்ணெயிலேயே போயிடுச்சு" என்று நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்செய்வதில் பல வருடங்களைச் செலவழித்தார். விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு, சூடுபட்டு, கவனிக்கப்படாமல் தேய்ந்துபோகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். ராத்திரி தூங்கும்போது சில நோயாளிகளின் விரலை எலி கடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காக அவர்களிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள். வலி என்பது மனுஷனுக்குக் கிடைத்த பரிசு என்று அவர் காலமெல்லாம் எழுதினார். அந்தப் பரிசைத்தான் நீங்கள் இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி தடை ஒன்றும் இல்லை. சித்திரை மாத மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் வெளிப்பிராகாரத்தைக் கருங்கல் தரையில் நிதானமாகச் சுற்றிவரலாம். மற்றவர்கள் சாக்குவிரிப்பைத் தேடித் துள்ளி ஓடும்போது உங்கள் முகத்தில் மட்டும் ஒரு சாந்தம் தெரியும். கொப்பளத்தை வீட்டுக்கு வந்து, தரையில் ஈரம் பட்ட பிறகு பார்த்தால் போதும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், பழனிக்கு வெறுங்கால் பாதயாத்திரை, தீமிதி, எதையும் விடவேண்டியதில்லை. ஆணிக்காலைப் பிளேடால் நீங்களே சீவிக்கொள்ளலாம், வலிக்காது. ஷூவை உதறாமல் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே பேரன் போட்ட கோலிக்குண்டு இருந்தாலும் சாயங்காலம்வரை தொந்தரவு தராது. முகம் பார்க்கிற கண்ணாடியை ராத்திரி தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிற வழக்கம் சிலருக்கு உண்டு. அந்த மாதிரி ஆட்களோடு சேராதீர்கள். பாதத்தைக் காக்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, எம்.சி.ஆர் என்பார்கள், அதை வாங்கச் சொன்னால், "அது ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பளபளப்பான முனை ஒடுங்கிய ஒன்றை வாங்குங்கள். அதையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள். சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால் சரியான அளவு கிடைத்துத் தொலைக்கும்.

கடைசியாக ஒரு கண்டம் மிச்சமிருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒரு டாக்டர் உங்கள் காலைப் பார்க்க ஆசைப்படுவார். வினாடிக்கு 128 அதிர்வுள்ள இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார். பிறகு பேனா மாதிரி ஒன்றின் நுனியில் செருகியிருக்கிற நைலான் இழையை எடுப்பார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. கட்டைவிரல், முன்பாதம் என்று அங்கங்கே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அது தெரியவில்லை என்றால் புண் வருகிற அபாயம் உண்டென்று எழுதிவிடுவார், செருப்பு, மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்று தொல்லை ஆரம்பித்துவிடும்.

"கண்ணை மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க" என்பார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, சீரான இடைவெளியில் "தெரியுது டாக்டர், தெரியுது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். சில டாக்டர்கள் விவரமானவர்கள். இழையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, காலைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்போதும் தைரியமாகத் "தெரியுது" என்று சொல்லுங்கள். "எந்த இடத்துல?" என்று கேட்டால், "இப்ப தொட்டீங்களே, அதே இடத்துலதான்."